சட்டப் படிப்பு முடிகிறது: கும்பகோணத்தில் தொழிலா, சென்னையில் சம்பளமா?

கேள்வி: குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவள். வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்றபின் திருச்சியில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்ந்து, இப்போது இறுதிப் பருவத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் நீதிமன்றப் படி ஏறியவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் வழக்கு நடத்த ஏறியவர்கள். கறுப்பு அங்கியோடு ஏறப்போகும் முதல் ஆள் நான்தான்.

அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார். குறுவையும் சம்பாவும் கைகொடுத்த ஆண்டில் வீடு நிமிர்ந்துவிடும். மேட்டூர் திறப்பு தள்ளிப்போனாலோ, அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டாலோ, கூட்டுறவுச் சங்கக் கடனைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். ஆகவே நான் சம்பாதிக்கத் தொடங்குவது எப்போது என்ற கேள்வி வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காமலேயே எழுந்து நிற்கிறது.

என் முன்னால் இப்போது மூன்று வழிகள் தெரிகின்றன. கும்பகோணத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தும் மூத்த வழக்கறிஞர் ஒருவர் ஜூனியராகச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். பணம் பற்றிய பேச்சு இன்னும் வரவில்லை. சென்னையில் வெளிநாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களைப் படித்துச் சரிபார்க்கும் நிறுவனம் ஒன்றில் தோழியர் இருவர் சேர்ந்துவிட்டார்கள். முதல் மாதத்திலிருந்தே சம்பளம் உண்டு என்று என்னையும் அழைக்கிறார்கள். மூன்றாவது, உரிமையியல் நீதிபதித் தேர்வு. வீட்டிலேயே இருந்து இரண்டு ஆண்டுகள் படித்து எழுதிவிடலாம் என்றுதான் கல்லூரியில் சேர்ந்த நாளில் எண்ணியிருந்தேன். இப்போது விதி மாறிவிட்டது என்கிறார்கள்.

டெல்டாவின் ஊர்களில் தொழில் நடத்தி ஒரு குடும்பம் கௌரவமாக வாழ முடியுமா, சில ஆண்டுகள் சென்னையில் சம்பாதித்துவிட்டுப் பிறகு ஊருக்குத் திரும்பினால் இழப்பு ஏதும் உண்டா என்பதை இங்குள்ள அனுபவசாலிகள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.


பதில்: அரசலாற்றங்கரை

அம்மா, வணக்கம். நான் கும்பகோணத்தில் நெடுங்காலமாக உரிமையியல் வழக்குகளும், குத்தகைத் தகராறுகளை விசாரிக்கும் வருவாய் நீதிமன்ற வழக்குகளும் நடத்தி வருபவன். நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதைப் பொறுத்தே அமையும். இழப்பு உண்டு, அது பணத்தில் தெரியாது, ஆண்டுக்கணக்கில்தான் தெரியும்.

நம் நாட்டில் சட்டப் பட்டதாரிக்கு இருக்கும் நல்ல பதவிகள் பலவற்றுக்கும் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய ஆண்டுகளே தகுதி. உரிமையியல் நீதிபதிப் பதவிக்குக் குறைந்தது 3 ஆண்டுகள் தொழில் நடத்தியிருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்துவிட்டது. 2002 முதல் புதிய பட்டதாரிகளுக்குத் திறந்திருந்த கதவு அதோடு மூடியது. அரசு உதவிக் குற்ற வழக்குத் தொடருநர் பதவிக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டுகள் வேண்டும். மாவட்ட நீதிபதியாக நேரடியாகத் தேர்வு பெற அரசமைப்புச் சட்டத்தின் 233ஆம் உறுப்பு 7 ஆண்டுகளைக் கேட்கிறது. நோட்டரி ஆவதற்குப் பொதுவாக 10 ஆண்டுகள், பெண்களுக்கு 7 ஆண்டுகள். வங்கிகள் தங்கள் வழக்கறிஞர் பட்டியலில் பெயர் சேர்க்கும்போதும் முதலில் பார்ப்பது அந்த ஆண்டுக் கணக்கைத்தான்.

முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் இந்தக் கணக்கு நின்றுவிடும். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 49ஆம் விதி, தொழில் நடத்தும் வழக்கறிஞர் எந்த நிறுவனத்திலும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது. வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். பதிவு செய்துவிட்டுத் தெரிவிக்காமல் சம்பளமும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிற்காலத்தில் அனுபவச் சான்று கேட்கும் இடத்தில் அது அவர்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். நீதிபதித் தேர்வுக்கான சான்றை 10 ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் தந்தாலும் அதில் நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. ஆகவே நீதிமன்றத்தில் முகம் தெரிந்தவராக இருப்பது அவசியம். ஓர் ஆறுதல், அந்த 3 ஆண்டுகள், பார் தேர்வு எழுதும் முன் பார் கவுன்சிலில் செய்யும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே கணக்கிடப்படும். அகில இந்திய பார் தேர்வில் தேறிய நாளிலிருந்து என்று நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. தேர்வு முடிவு வந்த கையோடு பதிவு செய்துவிடுங்கள்.

இனி டெல்டாவில் வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு வருகிறேன். இங்கு வேலை நிலத்தில் இருக்கிறது. சோழ மண்டலம் முழுவதும் வயல் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வயலுக்கு எத்தனை அடுக்குச் சட்டம் இருக்கிறது என்பது பத்திரக் கட்டைப் பிரித்துப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். உரிமை கோயிலுக்கோ திருமடத்துக்கோ இருக்கும், சாகுபடி உங்கள் தகப்பனார் போன்ற குத்தகைதாரரிடம் இருக்கும், மனைக்கட்டில் வேறொருவர் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பார். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம், 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம், 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் ஆகிய இத்தனையும் ஒரே சர்வே எண்ணில் வந்து மோதும் வழக்குகளை நான் நடத்தியிருக்கிறேன். சென்னையில் மிகப் பெரிய அலுவலகம் வைத்திருப்பவரும் வருவாய் நீதிமன்ற வழக்கு என்றால் இங்குள்ள ஒருவரைத்தான் தொலைபேசியில் கூப்பிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். வீட்டுக் கடனுக்காக ஒருவர் பத்திரக் கட்டோடு வருகிறார். வில்லங்கச் சான்றில் முப்பது ஆண்டுகளுக்கு ஒன்றும் இல்லை, பட்டா அவர் பெயரில் இருக்கிறது, கிரயப் பத்திரமும் சரியாக இருக்கிறது. புதிய வழக்கறிஞர் அதோடு வங்கிக்குக் கருத்துரை எழுதிக் கொடுத்துவிடுவார். தாய்ப்பத்திரத்தை எடுத்துப் படித்தால் நிலம் மாவிலும் குழியிலும் எழுதப்பட்டிருக்கும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போது பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒத்துவராது. பிறகு நில அளவை வரைபடமான புலப்பட நகல், கிராம நிலப் பதிவேடான ‘அ’ பதிவேடு, 1980களில் நடந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய கணக்கு என்று ஒவ்வொன்றாகப் போனால், அந்தத் திட்டத்தின்போது பக்கத்துக் கோயில் நிலத்தில் ஒரு துண்டு இவருடைய பட்டாவில் ஏறியிருப்பது தெரியவரும். இதைக் கண்டுபிடித்துச் சொல்பவரை அந்த வங்கி மேலாளர் விடமாட்டார். இந்தக் கலையை எந்தக் கல்லூரியும் கற்றுத் தருவதில்லை. சீனியரின் மேசையில்தான் கற்க முடியும்.

பாகப்பிரிவினை வழக்குகளைச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டில் 1989இலும் நாடு முழுவதற்கும் 2005இலும் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை வந்த பிறகு, எங்கள் நீதிமன்றங்களில் அக்காவும் தங்கையும் வாதிகளாக இல்லாத நாளே இல்லை. இவற்றோடு நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு எடுக்கப்பட்ட நிலங்களின் இழப்பீட்டு வழக்குகள், விபத்து இழப்பீடு, பயிர்க் காப்பீடு மறுக்கப்பட்டவர்களின் நுகர்வோர் முறையீடுகள் என்று வேலைக்குக் குறைவில்லை. கும்பகோணத்துக்கு மட்டும் உரிய சிறப்பு ஒன்றும் உண்டு. சிலைக் கடத்தல் வழக்குகளை விசாரிக்கும் கூடுதல் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் இங்குதான் இருக்கிறது. நியூயார்க்கில் கலைப்பொருள் வியாபாரம் செய்த சுபாஷ் கபூருக்கு 2022 நவம்பரில் தண்டனை விதித்தது இந்த நீதிமன்றமே. தொல்லியல் அறிக்கையையும் கோயில் சொத்துப் பதிவேட்டையும் படிக்கத் தெரிந்த இளம் வழக்கறிஞர்களுக்கு அங்கே இடம் இருக்கிறது.

உங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. வலங்கைமான் திருவாரூர் மாவட்டம், ஆகவே அங்கு எழும் வழக்கின் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகும். சில கல் தொலைவிலுள்ள கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம் என்பதால், அங்கிருந்து போகும் மேல்முறையீடு 2004 ஜூலையில் தொடங்கிய மதுரைக் கிளைக்குச் செல்லும். இரண்டு பக்கத்துக் கட்சிக்காரர்களும் உங்களைத் தேடி வருவார்கள். இரண்டு இடங்களிலும் நம்பிக்கையான ஒவ்வொருவரை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.


பதில்: பாமணியாறு

வணக்கம். மன்னார்குடியைச் சேர்ந்த நான் சென்னையில் நீங்கள் குறிப்பிடுவது போன்ற ஒப்பந்தச் சரிபார்ப்பு நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஐயா சொன்ன ஆண்டுக் கணக்கு முழுவதும் உண்மை. ஆயினும் சம்பள வேலையைத் தேர்ந்தெடுப்பவர்கள் எல்லோரும் தொழிலைக் கைவிட்டவர்கள் என்று உங்கள் வீட்டில் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்றால், ஒரு நிறுவனம் மற்றொன்றோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் பொறுப்பு வரம்பு, இழப்பீடு, இரகசியக் காப்பு, முறிவு ஆகிய பிரிவுகளைப் படித்து, எங்கள் கட்சிக்காரருக்குப் பாதகமான இடங்களைக் குறித்து மாற்று வாசகம் எழுதித் தருவதாகும். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், வீட்டுக்கு அனுப்ப முடியும், தம்பியின் கட்டணத்தைக் கட்ட முடியும். இது சிறிய விஷயம் அல்ல. ஆனால் ஒப்பந்தத்தின் முதல் வாசிப்பை இப்போது பெரும்பாலும் மென்பொருளே செய்துவிடுகிறது. வெறும் சரிபார்ப்போடு நின்றுவிடுபவர்களுக்கு வளர்ச்சி குறைவு. பேரம் பேசி எழுதத் தெரிந்தவர்களுக்கு வாய்ப்பு விரிவாகவே இருக்கிறது. பெரிய சட்ட நிறுவனங்கள் பெரும்பாலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் வளாகத்திலிருந்தே ஆள் எடுக்கின்றன. நம்மைப் போன்றோர் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

உங்களிடம் வேதியியல் பட்டம் இருப்பதை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. காப்புரிமை முகவர் தேர்வை அறிவியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் உள்ளவர்கள் மட்டுமே எழுத முடியும். வெறும் சட்டப் பட்டம் அதற்குப் போதாது. மருந்து, பூச்சிக்கொல்லி, உரம் சார்ந்த காப்புரிமை விண்ணப்பங்களுக்கு வேதியியல் தெரிந்த சட்டப் பட்டதாரிகள் தேவைப்படுகிறார்கள். புவிசார் குறியீட்டுப் பதிவகமும் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியம், சுவாமிமலை வெண்கலச் சிலை, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, நரசிங்கன்பேட்டை நாகஸ்வரம் என்று நம் பக்கத்துப் பொருள்கள் வரிசையாகப் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. 2025இல் கும்பகோணம் வெற்றிலையும் சேர்ந்துவிட்டது. குறியீடு கிடைப்பதோடு வேலை முடிவதில்லை. அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும், போலிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்த வேலையை ஊரில் இருந்தபடியே செய்யலாம், வழக்கறிஞர் பதிவையும் இழக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் இதை முறையாகச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சம்பளம்தான் வேண்டும் என்றால் பொதுத்துறை வங்கிகளின் சட்ட அலுவலர் தேர்வையும் பாருங்கள். 20 முதல் 30 வயதுக்குள், வழக்கறிஞராகப் பதிவு செய்திருப்பவர்கள் எழுதலாம். பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் முதுநிலைச் சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு சட்ட அலுவலர்களை எடுப்பதுண்டு.


மறுமொழி: குடமுருட்டிக்கரை

ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. ஆண்டுக் கணக்கு நின்றுபோகும் என்பதை எனக்கு இதுவரை யாரும் இப்படி விளக்கியதில்லை. பயிர்க்கடனைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் ஒன்றை வெளிப்படையாகக் கேட்கிறேன். ஜூனியராக இருக்கும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் உண்மையில் எவ்வளவு கையில் கிடைக்கும்? பெண் வழக்கறிஞர்கள் டெல்டாவின் சிறிய நீதிமன்றங்களில் எப்படி நிலைக்கிறார்கள்? நீதிபதித் தேர்வுக்குத் தொழிலோடு சேர்த்துப் படிக்க முடியுமா?


பதில்: காவிரிப்பூம்பட்டினத்தாள்

அன்புள்ள தங்கைக்கு, நான் மயிலாடுதுறையில் தொழில் நடத்துகிறேன். பணத்தைப் பற்றி நீ கேட்டது மிகவும் சரி. இதைக் கேட்கக் கூச்சப்பட்டே பல பெண்கள் ஓராண்டில் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

பதிவுக் கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன். வழக்கறிஞர்கள் சட்டம் 750 ரூபாய் என்றும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் என்றும் நிர்ணயித்திருக்கிறது. மாநில பார் கவுன்சில்கள் அதற்கு மேல் வசூலித்துவந்த பெருந்தொகைகளை 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பதிவுக்காக நகையை அடகு வைக்கும் காலம் போய்விட்டது.

ஜூனியர்களுக்கான மாத உதவித்தொகை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் ஓர் உத்தரவிட்டது. சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய்க்கும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய்க்கும் குறையாமல் தரப்பட வேண்டும் என்பது அதன் சாரம். இந்திய பார் கவுன்சிலும் அதே ஆண்டு அக்டோபரில் நகரம், கிராமம் என்று பிரித்து இதே தொகைகளைப் பரிந்துரைத்துச் சுற்றறிக்கை அனுப்பியது. எங்கள் பக்கத்து அலுவலகங்கள் பலவற்றில் இந்தத் தொகை இன்னும் தரப்படுவதில்லை. இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே காத்திருக்க முடியும் என்ற நிலை தொடர்ந்தால், உன் அப்பாவைப் போன்றவர்களின் வழக்கைப் புரிந்துகொண்டு நடத்த ஆள் இருக்கமாட்டார்கள். ஆகவே நீ சேரும் முன்பே சீனியரிடம் மரியாதையாக, ஆனால் தெளிவாகப் பேசிவிடு: மாதம் இவ்வளவு தருவீர்களா, பேருந்துச் செலவு யாருடையது, நான் கொண்டுவரும் வழக்கில் என் பங்கு என்ன என்று கேள். முகம் சுளிப்பவரிடம் சேராதே. மாநில அரசும் ஏழை இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகையை 2020இல் அறிவித்தது. அதற்கு விண்ணப்பிக்கும் முறையைப் பார் கவுன்சில் அலுவலகத்தில் விசாரி.

கையில் காசு வரும் சிறு வேலைகள் உண்டு. பத்திரங்களை வழக்கறிஞரே எழுதிக் கையெழுத்திடலாம்; செட்டில்மெண்ட், உயில், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஒரு சொல் பிசகாமல் எழுதக் கற்றுக்கொண்டால் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்தே உன் முதல் வருமானம் வரும். வழக்கறிஞர் அறிவிப்பு, தன்னைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்று முன்கூட்டியே போடும் கேவியட் மனு, சான்றிட்ட நகல் எடுத்துத் தருவது, மின்வழித் தாக்கல் செய்வது ஆகியவற்றை மூத்தவர்கள் பலர் இளையவர்களிடமே விடுகிறார்கள். மின்வழித் தாக்கலில் ஒரு பக்கத்தைத் தவறாக ஏற்றினால் வழக்கே திரும்பி வரும், ஆகவே கவனமாகச் செய்பவருக்கு மதிப்பு உண்டு.

இன்னொரு பெரிய வாய்ப்பு, தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் அமைப்பு. ஏழைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக மாவட்டந்தோறும் முழுநேர வழக்கறிஞர்களை நியமிக்கிறார்கள்; 3 ஆண்டுகள் வரை அனுபவம் உள்ளவர்களே உதவி எதிர்வாத வழக்கறிஞராகச் சேரலாம், துணை நிலைக்கு 7 ஆண்டுகளும் தலைமை நிலைக்கு 10 ஆண்டுகளும் வேண்டும். மாத மதிப்பூதியம் உண்டு, நீதிமன்றத்தில் தினமும் நின்று வாதாடும் வேலை. தனி வழக்குகள் எடுக்கக் கூடாது என்பது நிபந்தனை. மாவட்ட நீதிமன்ற இணையதளத்தில் அறிவிப்பு வரும், பார்த்துக்கொண்டே இரு.

பெண்களைப் பற்றிக் கேட்டாய். ஜீவனாம்சம், குடும்ப வன்முறை, போக்சோ வழக்குகளில் பெண்கள் பெண் வழக்கறிஞரையே தேடுகிறார்கள். நடந்ததை முழுமையாகச் சொல்ல அவர்களுக்கு அது இடம் தருகிறது. அதனாலேயே நம்மை அந்த வழக்குகளுக்குள் மட்டும் நிறுத்திவிடும் பழக்கமும் இருக்கிறது. நிலவழக்கு ஆண்களின் வேலை, பெண்ணால் ஆற்றங்கரையிலும் வயல் வரப்பிலும் நீதிமன்ற ஊழியரான அமீனாவோடு போய் நிற்க முடியாது என்பார்கள். நான் போய் நின்றிருக்கிறேன். நீதிமன்றத்துக்காக இடத்தைப் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையராக நியமனம் பெற்று நிலத்தை அளக்கப் போகும்போது சர்வேயர் சங்கிலி பிடிக்கும் இடத்தில் நின்று, எல்லைக் கல் எங்கே இருக்கிறது, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் பயிர் வைத்திருக்கிறார் என்று கண்ணால் பார்த்து எழுதிய அறிக்கையை எதிர்த்தரப்பு அவ்வளவு எளிதில் அசைக்க முடியாது. உனக்கு அந்த வயல் பிறந்ததிலிருந்தே தெரியும். நடவுக்கும் அறுப்புக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் எழுதும் ஆணையர் அறிக்கையைப் படித்தால் உனக்கே அது விளங்கும்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இந்தத் தலைமுறைக்கு இன்னொரு வசதி கிடைத்திருக்கிறது. 302 என்றும் 420 என்றும் மனப்பாடமாகச் சொன்ன மூத்தவர்கள் இப்போது 103 என்றும் 318(4) என்றும் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. எல்லோரும் புதிதாகப் படிக்கும் காலத்தில் கல்லூரியிலேயே புதிய சட்டத்தைப் படித்துவந்த ஜூனியரின் குரலுக்கு அலுவலகத்தில் காது கொடுக்கிறார்கள்.

உன் விவரங்களை இணையத் தளங்களில் பட்டியலிட்டுக் கட்சிக்காரர்களைத் தேடித்தருவதாகச் சிலர் தொலைபேசியில் அழைப்பார்கள். வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைப் பார் கவுன்சிலின் 36ஆம் விதி தடை செய்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை வலியுறுத்தியிருக்கிறது. காசும் போகும், பெயரும் போகும்.

காரைக்காலில் தொழில் நடத்த விரும்பினாலும் தடையில்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கும் நமக்கும் பார் கவுன்சில் ஒன்றே, உயர் நீதிமன்றமும் ஒன்றே.


பதில்: வெண்ணாறு

நீதிபதித் தேர்வுக்குத் தொழிலோடு சேர்த்துப் படிக்க முடியுமா என்பதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அதே முயற்சியில் இருப்பவன்தான். முடியும், விசாரணை நீதிமன்றத்தில் வேலை செய்தால் எளிதாகவும் முடியும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தத் தேர்வில் முதனிலைக்குப் பின் வரும் முதன்மைத் தேர்வில் மொழிபெயர்ப்புத் தாள் ஒன்றும் சட்டத் தாள்கள் மூன்றும் உள்ளன. எழுவினா வனைவதும் (வழக்கில் தீர்மானிக்க வேண்டிய கேள்விகளை வகுப்பதும்) தீர்ப்பு எழுதுவதும் வீட்டில் புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவருக்குக் கசக்கும். காலையில் வாதியின் பிராதையும் பிரதிவாதியின் எதிர்வுரையையும் படித்துவிட்டு மாலையில் அதே வழக்கில் குறுக்கு விசாரணையைக் கேட்டுவிட்டு வருபவருக்கு எழுவினா தானாக வரும்.

மொழிபெயர்ப்புத் தாளைப் பலர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். வாக்குமூலம், வாதி தரப்புச் சான்றாவணம், சாட்சியம், மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஆகியவற்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மாற்றும் பயிற்சி தினசரி வேண்டும். மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உயர் மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர். நம் பகுதிக்கு அந்த மரபு இருக்கிறது. இன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தால், தேர்வுக்கும் உதவும், கட்சிக்காரருக்குத் தீர்ப்பை விளக்கும்போதும் உதவும். இருமொழியிலும் வல்ல சட்டப் பட்டதாரிகளுக்கு மொழிபெயர்ப்பு வேலையே தனி வருமானமாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் சட்ட ஆய்வில் உதவும் சட்ட எழுத்தராகப் (லா கிளார்க்) பணிபுரியும் காலமும் அந்த 3 ஆண்டுகளில் சேரும் என்று 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு சொல்கிறது. சம்பளமும் வேண்டும், ஆண்டுக் கணக்கும் வேண்டும் என்ற உங்கள் நிலைக்கு அது பொருந்திவரலாம்.


மறுமொழி: குடமுருட்டிக்கரை

அனைவருக்கும் என் நன்றி. அப்பாவிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். பதிவு செய்துகொண்டு கும்பகோணத்தில் சேர்வது என்றும், சேரும் முன் உதவித்தொகை பற்றிப் பேசிவிடுவது என்றும், காப்புரிமை முகவர் தேர்வுக்கு மாலையில் படிப்பது என்றும் வீட்டில் முடிவாகியிருக்கிறது. கடைசியாக ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் குத்தகை இன்னும் தாத்தா பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. குத்தகை பாக்கி என்று அப்பாவுக்கு ஓர் அறிவிப்பும் வந்திருக்கிறது. பதிவு முடிந்ததும் வருவாய் நீதிமன்றத்தில் அப்பாவுக்காக நானே ஆஜராகலாமா?


பதில்: அரசலாற்றங்கரை

உறவினருக்காக ஆஜராவதைச் சட்டம் தடுக்கவில்லை, அம்மா. ஆனால் தனக்கே பொருளாதார நலன் உள்ள விவகாரத்தில் வழக்கறிஞர் வாதாடக் கூடாது என்பதும், தான் சாட்சியாக அழைக்கப்படக்கூடிய வழக்கை ஏற்கக் கூடாது என்பதும் பார் கவுன்சிலின் நடத்தை விதிகள். தாத்தாவின் குத்தகை உரிமை வாரிசுகளுக்கு வரும் என்று வாதிடும் வழக்கில், நீங்களும் அந்த வாரிசு வரிசையில் நிற்பவர். எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டால் வழக்கின் நல்ல அம்சங்கள் பின்னுக்குப் போய்விடும். வக்காலத்தில் உங்கள் சீனியர் கையெழுத்திடட்டும்.

அதற்குள் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி ஆண்டுகளுக்கான அடங்கல் (பயிர்க் கணக்கு) நகல், கோயில் நிர்வாகம் கொடுத்த குத்தகை ரசீதுகள், கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் பதிவு ஆகியவற்றை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். வெள்ளத்திலோ வறட்சியிலோ விளைச்சல் போன ஆண்டுகளுக்கு வருவாய்த் துறை கொடுத்த நிவாரணப் பதிவு இருந்தால் அதையும் தனியாக எடுத்து வையுங்கள். பாக்கி வேண்டுமென்றே வைக்கப்பட்டதல்ல என்று காட்ட அது உதவும். அறிவிப்பில் குறிப்பிட்ட நாளைத் தவறவிடாதீர்கள். பாக்கித் தொகையைக் கட்ட நீதிமன்றம் அவகாசம் தர 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, ஆனால் முதல் வாய்தாவில் யாரும் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாக உத்தரவு போய்விட்டால் அதை மீட்பதற்கே தனி மனு போட வேண்டிவரும்.